பனிமலை டயர் புதுக்கோட்டை மழைக்குச் சரிவருமா? ‘ஆல்-டெரைன்’ ஆசையும் அடைமழை நிஜமும்

“அண்ணே, ஏ.டி. டயர் போட்டா மழைக்கு நல்லா புடிக்கும்ல?”

ஐப்பசி நெருங்கும்போது டயர் கடைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டாதவர். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை. மாதம் ஒருமுறை புதுக்கோட்டைக்கோ அறந்தாங்கிக்கோ கார் ஓட்டி வருகிறவர். வண்டி ஒரு எஸ்யூவி. போனில் பத்து வீடியோ பார்த்துவிட்டுத்தான் கடைக்கே வந்திருப்பார். அந்த வீடியோக்களில் வண்டி பனியில் ஏறும், பாறையில் ஏறும், ஆற்றில் இறங்கும். டயரின் பக்கவாட்டில் மலையும் பனித்துளியும் பொறித்த சின்னத்தைக் காட்டி, “இது இருந்தா எந்தக் காலத்துக்கும் கவலை இல்லை” என்பார் பேசுகிறவர்.

அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. கனடாவிலோ அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலோ இருந்து பேசுகிறவருக்குக் குளிர்காலம் என்றால் பனி. புதுக்கோட்டைக்காரருக்குக் குளிர்காலம் என்றால் மழை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் போட்ட டயர், காசையும் தின்னும். ஈர ரோட்டில் பிரேக் போடும் நொடியில் காலையும் வாரும்.

ஏ.டி. என்றால் என்ன?

கார், எஸ்யூவி, பிக்-அப் வண்டிகளுக்கான டயர்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். தார் ரோட்டுக்கானது எச்.டி., அதாவது ஹைவே டெரைன். சேறு, சகதிக்கானது எம்.டி., அதாவது மட் டெரைன். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஏ.டி., அதாவது ஆல்-டெரைன்.

எச்.டி. டயரில் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும்; நடுவில் நீளவாக்கில் ஓடும் காடிகள் தண்ணீரை வெளியே தள்ளும். எம்.டி. டயரில் பட்டன்கள் பெரிது, இடைவெளி அகலம். ஏ.டி. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. ‘எல்லா நிலத்துக்கும்’ என்று பெயர் இருந்தாலும், எல்லா நிலத்திலும் முதலிடம் என்று அர்த்தம் இல்லை. எல்லா நிலத்திலும் ஓரளவு சமாளிக்கும், அவ்வளவுதான். பல கடைகளில் சொல்லாமல் விடப்படும் வரி இதுதான்.

மலையும் பனித்துளியும் எதைச் சொல்கின்றன?

டயரின் பக்கவாட்டில் இரண்டு குறிகளைப் பார்க்கலாம். ஒன்று ‘எம்+எஸ்’. சேறு, பனி என்பதன் சுருக்கம். பட்டன்களின் அமைப்பும் இடைவெளியும் ஒரு குறிப்பிட்ட வகையில் இருந்தால் தயாரிப்பாளரே இதைப் போட்டுக்கொள்ளலாம். பனியில் ஓட்டிப் பார்த்துத் தேறியது என்று இதற்குப் பொருள் இல்லை.

இன்னொன்று, மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் ஒரு பனித்துளி. இதற்குச் சோதனை உண்டு. இறுகிய பனித்தரையில் ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டு, குறிப்பிட்ட அளவு கூடுதல் பிடிப்பு காட்டினால்தான் இந்தச் சின்னம் கிடைக்கும். ஜெர்மனியில் குளிர்காலச் சாலைகளுக்கு 2024 அக்டோபர் முதல் இந்தச் சின்னம் உள்ள டயர்தான் செல்லும். வெறும் ‘எம்+எஸ்’ போதாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் குளிர்கால டயர் போட்டால் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. அங்கே இருக்கும் நம்ம ஊர் சித்தப்பா, மாமா வீடுகளில் நவம்பர் வந்தால் கராஜிலிருந்து இன்னொரு செட் டயரை எடுத்து மாட்டுவது வருடாந்திர வேலை.

அங்கே இது ஏன் அவசியம்? ரப்பரின் குணம்தான் காரணம். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இறுக ஆரம்பிக்கிறது. இறுகிய ரப்பர் ரோட்டைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. பட்டன்களில் கத்தியால் கீறியதுபோல் இருக்கும் நுண்ணிய வெட்டுகள் பனியைக் கவ்விக்கொள்ளும்.

இப்போது புதுக்கோட்டைக்கு வருவோம். இங்கே மார்கழி விடியற்காலையில்கூட 7 டிகிரிப் பக்கம் வெப்பநிலை போவதில்லை. கத்திரியில் 40 டிகிரி சர்வசாதாரணம். அந்த மதியத்தில் தார் ரோட்டின் சூடு இன்னும் பல டிகிரி அதிகம். குளிருக்காக இளக்கிச் செய்த ரப்பர் அந்தச் சூட்டில் சீக்கிரம் தேயும், வளைவுகளில் குழையும். குளிர்கால டயர் வேறு, பனிச்சின்னம் உள்ள ஏ.டி. வேறு என்பது உண்மைதான். ஆனால் இரண்டிலும் பனிச்சின்னம் சொல்வது பனியைப் பற்றி மட்டுமே. ஈரத் தார் ரோட்டில் அந்த டயர் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை அது சொல்வதில்லை. நமக்கு வேண்டிய தகவலோ அது ஒன்றுதான்.

நம்ம ஊர் ‘வின்டர்’ எது?

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. புதுக்கோட்டை கடல் உள்ள மாவட்டம். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை நீளத்துக்கும் வங்கக் கடலின் காற்றும் மழையும் நேராக வந்து அடிக்கும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதை யாரும் மறக்கவில்லை.

புயல் வேண்டாம், ஒரு சாதாரண மழை நாளை எடுத்துக்கொள்வோம். விராலிமலை வழியாகப் போகும் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் வண்டிகள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதே மழையில் கீரமங்கலம், வடகாடு பக்கம் ஒரு கிளைச்சாலையில் செம்மண் கரைந்து தார் ரோட்டில் பூசியிருக்கும். டிப்பர் லாரி சிந்திய சரளை வளைவில் கிடக்கும். கண்மாய்க்கரை ரோட்டில் பள்ளம் தெரியாமல் தண்ணீர் நிற்கும். ஒரே மாவட்டம், ஒரே மழை, மூன்று வகை ஆபத்து. ஆனால் ஒரு சராசரி எஸ்யூவி ஓடும் கிலோமீட்டரில் மிகப் பெரும்பகுதி முதல் வகையில்தான்: ஈரமான தார் ரோடு, அதிக வேகம்.

பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்தபின் எவ்வளவு தூரத்தில் நிற்கும்? பிளஸ் ஒன் இயற்பியலே போதும். டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலான பிடிப்பு எண் 0.7 என்றால், அதாவது நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால், சுமார் 36 மீட்டர். ஈர ரோட்டில் அது 0.45 ஆகக் குறைந்தால் 56 மீட்டர். தேய்ந்த டயர், நீர் நிற்கும் ரோடு என்று 0.3-க்கு இறங்கினால் 84 மீட்டர். ஆபத்தைப் பார்த்ததும் கால் பிரேக்குக்குப் போக ஆகும் ஒரு நொடியில் வண்டி 22 மீட்டர் போயிருக்கும். அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

36-க்கும் 84-க்கும் நடுவில் இருக்கும் 48 மீட்டரில்தான் டீக்கடை முன் நிற்கும் பைக் இருக்கும், ரோட்டைக் கடக்கும் பள்ளிப் பிள்ளை இருக்கும், திடீரென்று ஏறிவரும் ஆடும் மாடும் இருக்கும். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். இதில் டயரின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனால் விபத்து நடப்பதற்கு முந்தைய கடைசி இரண்டு நொடியில் ஓட்டுநர் நம்பியிருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பரைத்தான்.

வண்டி தண்ணீரில் மிதப்பது எப்படி?

வேகமாகப் போகும் டயருக்கு முன்னால் இருக்கும் தண்ணீர், காடிகள் வழியாக வெளியேற நேரம் வேண்டும். நேரம் கிடைக்காவிட்டால் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் நீர்ப்படலம் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும், பிரேக்கும் பிடிக்காது. இதை ‘அக்வாபிளேனிங்’ என்கிறார்கள்.

அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா, விமானச் சக்கரங்களை வைத்து 1960-களில் இதை ஆராய்ந்தது. அதில் கிடைத்த எளிய சூத்திரம், டயரின் காற்றழுத்தம் குறையக் குறைய மிதக்கும் வேகமும் குறையும் என்கிறது. அதன்படி 32 பி.எஸ்.ஐ. காற்று உள்ள டயர் மணிக்குச் சுமார் 94 கி.மீ. வேகத்தில் மிதக்க ஆரம்பிக்கும். காற்று 24-க்கு இறங்கியிருந்தால் 82 கி.மீ. போதும். கார் டயரில் பட்டன் தேய்மானம், அகலம், தண்ணீரின் ஆழம் எல்லாம் சேர்ந்து இதை இன்னும் கீழே இறக்கலாம்.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் ‘கிரிப்’ கூடும் என்ற நம்பிக்கை தார் ரோட்டுக்குப் பொருந்தாது. மணலில் சிக்கிய வண்டிக்குக் காற்றைக் குறைப்பார்கள். நான்குவழிச் சாலையில் அது எதிர்மாறான வேலை. இரண்டு, “முன்னாடி போற பஸ்ஸே அந்த ஸ்பீடுல போகுதே” என்று பின்னாலேயே போவது. பஸ், லாரி டயர்களில் காற்றழுத்தம் கார் டயரைப் போல மூன்று மடங்கு வரை இருக்கும். அது கிழித்துக்கொண்டு போகும் தண்ணீரில் கார் மிதந்துவிடும்.

அப்படியானால் ஏ.டி. மோசமா?

மோசம் இல்லை. இடம் மாறினால் மோசம். ஏ.டி. டயரின் ரப்பர் பொதுவாகக் கல் வெட்டாமலும் பட்டன் பிய்யாமலும் இருக்கத் தயாரிக்கப்படுகிறது. அந்த உறுதிக்குக் கொடுக்கும் விலைதான் ஈரத் தாரில் குறையும் பிடிப்பு. பட்டன்கள் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருப்பதால் ரோட்டைத் தொடும் ரப்பரின் பரப்பு குறையும். பிரேக் போடும்போது பட்டன் வளைந்து கொடுக்கும். அதோடு எடை கூடும், சத்தம் கூடும், மைலேஜ் குறையும்.

“பெரிய காடி இருக்கே, தண்ணி ஈஸியா வெளிய போயிடுமே” என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. ஆழமாகத் தேங்கிய தண்ணீரில் புது ஏ.டி. டயர் நன்றாகவே நீரைத் தள்ளும். ஆனால் மழை நாளில் பெரும்பாலான நேரம் ரோட்டில் இருப்பது மெல்லிய ஈரம். அங்கே நிறுத்துவது காடியின் அகலம் அல்ல. ரப்பரின் தரமும் தொடும் பரப்பும்.

கம்பெனிகளே எப்படி யோசிக்கின்றன என்பதையும் பார்க்கலாம். கரடுமுரடான பாதைக்கென்றே பேர் வாங்கிய மாருதி ஜிம்னி, 2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது தொழிற்சாலையிலிருந்தே எச்.டி. டயரோடு வந்தது. மஹிந்திரா தாரின் உயர்ரக மாடலில் ஏ.டி. டயர் வந்தது. இரண்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள். ஆனால் நம்ம ரோட்டில் ஓடும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை இரண்டு சக்கரம் மட்டும் இழுப்பவை. அவற்றுக்கு ஏ.டி. போடுவது பல நேரம் தோற்றத்துக்காக. தோற்றத்துக்கு ஆசைப்படுவது தப்பில்லை. அதைப் பாதுகாப்பு என்று நினைப்பதுதான் தப்பு.

யாருக்கு உண்மையிலேயே தேவை?

கல்குவாரிப் பாதையில் தினமும் போகிறவருக்குத் தேவை. உடைந்த ஜல்லியின் கூர்முனை சாதாரண டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். கந்தர்வகோட்டை பக்கம் முந்திரிக் காட்டுக்குள்ளும், தைலமரக் காட்டுக்குள்ளும் மழையில் வண்டி இறக்குகிறவருக்குத் தேவை. செம்மண்ணும் சரளையும் கலந்த நிலத்தில் ஏ.டி. நன்றாகப் பிடிக்கும்.

ஆனால் அதே மாவட்டத்தின் இன்னொரு மூலைக்குப் போனால் கதை மாறும். கல்லணைக் கால்வாயின் கடைமடையான நாகுடி, ஆவுடையார்கோவில் பக்கத்து வயல்காட்டுக் களிமண்ணில் ஏ.டி. பட்டனின் இடைவெளி இரண்டு சுற்றிலேயே அடைந்துவிடும். அதன்பின் அது மொட்டை டயர்தான். அங்கே டிராக்டர்தான் ராஜா.

எளிய அளவுகோல் ஒன்று: ஓடும் பத்து கிலோமீட்டரில் மூன்று, நான்கு கிலோமீட்டராவது தார் இல்லாத பாதையா? ஆமாம் என்றால் ஏ.டி. பற்றி யோசிக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை குலதெய்வம் கோயிலுக்கு மண்ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போவதற்காக, மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அந்த டயரோடு நான்குவழிச் சாலையில் போவது சரியான கணக்கு இல்லை.

பிக்-அப் வண்டிக்காரரின் கணக்கு வேறு

சொந்த எஸ்யூவிக்கு டயர் ஒரு விருப்பம். பிக்-அப்புக்கு அது பிழைப்பு. ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மீன், கீரமங்கலத்திலிருந்து விடியற்காலைப் பூ. இரண்டுமே நேரத்துக்குப் போகாவிட்டால் குப்பை. அதனால் மழையிலும் வேகம் குறையாது. குட்டியானையோ பெரிய பிக்-அப்போ, இங்கே முதலில் பார்க்க வேண்டியது பட்டன் டிசைன் அல்ல, சுமை எண்.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் 91, 100, 108, 115 போல ஒரு எண் இருக்கும். 91 என்றால் ஒரு டயர் தாங்கும் எடை 615 கிலோ. 100 என்றால் 800 கிலோ. 108 என்றால் 1,000 கிலோ. 115 என்றால் 1,215 கிலோ. வண்டியோடு வந்த எண்ணைவிடக் குறைந்ததை, விலை குறைவு என்பதற்காக, போடவே கூடாது. எஸ்யூவிக்கான ஏ.டி. டயர் பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் பிக்-அப் சுமையைத் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. எண்தான் பேசும்.

ரீட்ரேட் டயர் தப்பில்லை. நல்ல கேசிங்கில், நல்ல இடத்தில் செய்தால் காசு மிச்சம். ஆனால் முன் சக்கரத்தில் வேண்டாம் என்பது அனுபவசாலி டிரைவர்கள் காலங்காலமாகச் சொல்வது. முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. மழைக்காலத்தில் சுமையோடு போகும் வண்டிக்கு இந்த ஒரு விதி, எந்த பிராண்டைவிடவும் பெரிய பாதுகாப்பு.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

*தேதி:* பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023-ம் ஆண்டின் 35-வது வாரம் தயாரானது. ‘ஆஃபர்’ விலையில் தரும் டயரில் முதலில் இதைப் பார்க்க வேண்டும். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வயதாகும்.

*ஆழம்:* மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார், லாரி டயரில் காடியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இருசக்கர, மூன்று சக்கர வாகனத்துக்கு 0.8 மில்லிமீட்டர். காடிக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடுதான் அதற்கான அடையாளம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் சட்டத்தின் எல்லை வேறு, மழையின் எல்லை வேறு. 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே பருவமழைக்கு முன் மாற்றிவிடுவது நல்லது.

*அளவு:* ‘ஒரு சைஸ் பெரிசா போட்டா கெத்தா இருக்கும்’ என்பதில் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும், வளைவில் டயர் உள்பக்கம் உரசும், பிரேக்குக்கு வேலை கூடும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவே அளவு. காற்றழுத்தமும் அதிலேயே இருக்கும். டயரின் பக்கவாட்டில் இருப்பது அது தாங்கும் அதிகபட்ச அழுத்தம். தினசரி அடிக்க வேண்டியது அல்ல.

*இரண்டு மட்டும் மாற்றினால்:* புது டயர் பின்னால் போக வேண்டும். “முன்னாடிதானே இழுக்குது” என்று பலர் முன்னால் போடுவார்கள். ஈர ரோட்டில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். அதைத் திருத்துவது சாதாரண ஓட்டுநரால் முடியாத காரியம்.

*கடைசியாக:* “ஈர ரோட்டில் இது எப்படி நிற்கும்?” என்ற கேள்வி. இதற்குத்தான் கடையில் பதில் கிடைப்பதில்லை. அதற்குக் கடைக்காரர் காரணம் இல்லை.

லே, குல்மார்க் போகிறவர்களுக்கு

வண்டி எடுத்துக்கொண்டு இமயமலைக்குப் போகும் கனவு இங்கேயும் பலருக்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வழக்கமான லடாக் பயணத்துக்கு நல்ல நிலையில் உள்ள எச்.டி. டயரும், ஒழுங்கான ஸ்டெப்னியும், காற்றடிக்கும் பம்பும் பெரும்பாலும் போதும். கற்கள் நிறைந்த பாதைகளில் ஏ.டி.-யின் பக்கவாட்டு உறுதி உதவும். அங்கே அது நியாயமான தேர்வு.

பனிக்காலத்தில் போவதென்றால் கதையே வேறு. பனி இறுகிக் கண்ணாடிபோல் ஆன பாதையில் ஏ.டி. டயர் சறுக்கும். பனி விழும் நாட்களில் டாங்மார்க்–குல்மார்க் சாலையில் டயரில் சங்கிலி கட்டாத வண்டிகளைப் போலீசார் மேலே விடுவதில்லை. உள்ளூர் டிரைவர்கள் சங்கிலியை நம்புகிறார்களே தவிர, பட்டன் டிசைனை அல்ல. பத்து நாள் பயணத்துக்காக நான்கு டயரை மாற்றுவதைவிட, அங்கே போய் உள்ளூர் வண்டியும் உள்ளூர் டிரைவரும் எடுப்பது மலிவு, பத்திரம்.

அரசு செய்ய வேண்டியது

வாங்குகிறவரைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. ஏனெனில், அவருக்கு வேண்டிய தகவல் அவர் கண்ணில் படுவதே இல்லை.

ஈரப் பிடிப்பு, உருளும் எதிர்ப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்சத் தரத்தை மத்திய அரசு 2022 ஜூனில் அறிவித்தது. புதிய டிசைன் டயர்களுக்கு 2022 அக்டோபர் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் படிப்படியாகவும் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல நடவடிக்கை. ஆனால் அது ‘பாஸ் மார்க்’ மட்டும். 35 வாங்கியவரும் 95 வாங்கியவரும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருப்பார்கள். யார் யார் என்று தெரியாது.

ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் தரும் பிஇஇ அமைப்பு டயருக்கும் நட்சத்திர லேபிள் கொண்டுவந்திருக்கிறது. அது முதன்மையாக எரிபொருள் சிக்கனத்துக்கானது. பெட்ரோல் மிச்சமாவது நல்லதுதான். உயிர் மிச்சமாவதை யார் சொல்வது? ஐரோப்பாவில் 2021 முதல் நடைமுறையில் உள்ள லேபிளில், ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை கிரேடு தனியாக அச்சிடப்படுகிறது. பனிக்குத் தனிச் சின்னம், மழைக்குத் தனி எழுத்து.

இதில் ஒரு முரண் இருக்கிறது. டயர் செய்வதில் தமிழ்நாடு சாதாரண மாநிலம் இல்லை. எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கி வளர்ந்த நிறுவனம். அதன் ஆலை ஒன்று திருச்சியைத் தாண்டினால் பெரம்பலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., கும்மிடிப்பூண்டி பக்கம் மிஷெலின். இந்தியாவில் செய்த கார் டயர் ஐரோப்பியக் கடைக்குப் போனால், ஈரப் பிடிப்பு கிரேடு ஒட்டாமல் விற்க முடியாது. அதாவது, அளந்து சொல்லும் திறமை நம் நிறுவனங்களுக்கு இருக்கிறது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் வாங்குகிறவருக்கும் அந்த ஒரு எழுத்தைக் காட்டுவதில் என்ன சிரமம்? மூன்று மாதம் மழையில் ஓட்டும் மாநிலத்துக்கு அது ஐரோப்பாவைவிட அவசியம்.

அடுத்தது சோதனை. வாடகை, சரக்கு வண்டிகளுக்கு எஃப்.சி. உண்டு. அன்றைக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் பழையதை மாட்டுவது ஊரறிந்த ரகசியம். சொந்தக் காருக்கோ பதிவு 15 வருடம் செல்லும். அதுவரை அதன் டயரை யாரும் அதிகாரபூர்வமாகப் பார்ப்பதே இல்லை. ஹெல்மெட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் நிறுத்தும் போலீசார், செப்டம்பர் கடைசியில் ஒரு வாரம் டயர் ஆழத்தையும் அளந்து பார்க்கலாம். அதற்கான அளவுகோல் விலை மிகக் குறைவு. முதல் முறை அபராதம்கூட வேண்டாம். “மழைக்கு முன்னாடி மாத்திடுங்க” என்ற ஒரு சீட்டு போதும்.

சரி, முடிவாக எந்த டயர்?

புதுக்கோட்டையில் வீடு, சென்னையில் வேலை, நடுவில் நான்குவழிச் சாலை என்றால்: நல்ல எச்.டி. டயர், வண்டியோடு வந்த அதே அளவு, புதிய தேதி, சரியான காற்று. குவாரி, காடு, தோட்டம் என்றால்: ஏ.டி.; ஆனால் மழையில் தார் ரோட்டுக்கு ஏறியதும் வேகத்தைக் குறைக்கும் பழக்கத்தோடு. சுமை வண்டி என்றால்: சுமை எண் முதலில், மற்றதெல்லாம் பிறகு. பனிச்சின்னம்? அது டொராண்டோ மாமாவுக்கு.

இதையெல்லாம் பார்க்க ஆகும் நேரம் பத்து நிமிடம். வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது குனிந்து நான்கு டயரையும், ஸ்டெப்னியையும் ஒருமுறை தடவிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கண்மாய் நிறைய வேண்டும், ரோடு நனைய வேண்டும். அது ஊருக்கு நல்லது. அந்த ஈரத்தில் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்றால், வீட்டுக்கும் நல்லது.